ஐந்து வோல்ட்டில் உருகாத ஈயம்

அறிவுச்செல்விக்குக் கோபம் வந்தால் பக்கத்தில் இருப்பவன் முறுக்குத் தின்னக் கூடாது. அவளுடைய உதவியாளன் வளவனுக்கு இது மூன்று வருஷமாகத் தெரியும். தெரிந்தும், ஆட்டையாம்பட்டி கை முறுக்கு ஒன்றை வாயில் போட்டு 'கடக்' என்று கடித்துத் தொலைத்தான்.

"அதைத் தூக்கி வெளிய போடு."

"மேடம், இது முறுக்கு. ஒரு பாக்கெட் அறுபது ரூபா."

"வளவா!"

மென்று முடிக்காமலே விழுங்கினான். கார் நாமகிரிப்பேட்டையைத் தாண்டி, மஞ்சள் வெட்டி முடித்துக் காய்ந்து கிடந்த காடுகளுக்கு நடுவே மண் பாதையில் குலுங்கியது. மணி இரண்டேகால். நாலு மணிக்குக் கைது. பொழுது சாய்ந்த பிறகு பெண்பிள்ளையைக் கைது செய்யக் கூடாது என்று சட்டம் இருக்கிறதாம். அதனால் வெளிச்சம் இருக்கும்போதே முடித்துவிடப் போவதாக எஸ்.ஐ. காளிதாஸ் போனில் சொல்லியிருந்தார். ஆகா, சட்டத்தின் மேல் என்ன ஒரு மரியாதை! அந்தப் பெண் செய்தாளா இல்லையா என்று பார்க்க மட்டும் அவருக்கு நேரமில்லை.

அறிவுச்செல்விக்கு அதுதான் பற்றிக்கொண்டு வந்தது.

காலையில், சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இருக்கும் அவளுடைய துப்பறியும் ஆபீசுக்குத் தனசேகர் என்று ஒருவன் வந்தான். முப்பது வயது இருக்கும். போர்வெல் போடும் ரிக் வண்டியில் எலக்ட்ரீஷியன். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கொடுத்த காபியைத் தொடாமல் பேசினான்.

"எங்க மாமா கருப்பண்ணனுக்குக் கோழிப் பண்ணை இருக்குதுங்க. செவ்வாக்கிழமை மத்தியானம் ஃபேன் நின்னு எட்டாயிரம் கோழி செத்துப்போச்சு. ஃபேன் நின்னா சைரன் அலறோணும். அலறல. யாரோ அலாரம் போர்டுல சால்டரிங் பண்ணி, ஈயம் வச்சு ஒட்டி, சைரனை ஊமையாக்கிட்டாங்க. பண்ணைக்கு ரிப்பேர் பாக்க வர்ற தீபிகாங்கற புள்ளைதான் பண்ணுச்சுன்னு மாமா எழுதிக் குடுத்துட்டாருங்க."

"அவ பண்ணலைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"போர்டுக்குக் கீழ கெடந்துச்சுங்கறாங்களே, அந்தப் பத்து வாட் பவர் பேங்க்கை வச்சு எவனாச்சும் ஈயம் உருக்க முடியுங்களா? நீங்களே சொல்லுங்க. நான் வியாழக்கிழமைதான் கர்நாடகாவுல இருந்து ரிக்கோட வந்தேன். வந்ததுல இருந்து மனசே சரியில்லீங்க. நான் உங்களைக் கூப்பிட்டேன்னு மட்டும் மாமாவுக்குத் தெரியக் கூடாது."

சொல்லிவிட்டு, கேட்ட கட்டணத்தைப் பேரம் பேசாமல் வைத்துவிட்டுப் போய்விட்டான். நல்லவன் என்று அறிவுச்செல்வியும் நினைத்துக்கொண்டாள்.

பண்ணை வாசலில் கார் நின்றது. செத்த கோழிகளைப் புதைத்து மூன்று நாளாகியும் நாற்றம் போகவில்லை. வேப்ப மரத்தடியில், முட்டை அட்டைகளைக் கட்டி வைத்திருந்த அடுக்கின் மேல் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இருபத்து மூன்று, இருபத்து நாலு வயது. தலை முழுக்க மண். பக்கத்தில் ஒரு பெண் கான்ஸ்டபிள் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள்.

"நீதான் தீபிகாவா? தலையில என்ன மண்ணு?"

"வாரித் தூத்துனாங்க."

அவள் கை காட்டிய பக்கம் பண்ணையில் வேலை செய்யும் பெண்கள் பத்துப் பேர் நின்றிருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் நின்ற பெரியநாயகி வாயை மூடுவதாக இல்லை.

"பச்சப் புள்ளையாட்ட வளத்துனமே! தண்ணிக்குத் தவிச்சு ஒண்ணு மேல ஒண்ணு ஏறிச் செத்துக் கெடந்துச்சே! இவ கை வெளங்குமா? இவ குடும்பம் வெளங்குமா?"

"ஏன் தொடைக்காம உக்காந்திருக்க?" என்றாள் அறிவுச்செல்வி.

"எதுக்குங்க தொடைக்கோணும்? போட்டவங்க வந்து தொடைக்கட்டும்."

அந்தப் பெண்ணின் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. கொதித்துக்கொண்டிருந்தாள். அறிவுச்செல்விக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. அழுகிற கட்சிக்காரர்களைத் தேற்றியே பாதி ஆயுள் போயிருந்தது அவளுக்கு.

"என்ன நடந்துச்சு, சுருக்கமாச் சொல்லு."

"திங்கக்கிழமை வந்தேனுங்க. ஃபேன் லைன்ல இருக்கற ட்ரிப் சுவிட்சு செத்துப்போச்சு, அடிக்கடி வுழுகுது, அதனாலதான் சைரன் கத்திக்கிட்டே இருக்குதுன்னு சொன்னேன். சுவிட்சை மாத்துங்கன்னேன். அதெல்லாம் அப்பறம், மொதல்ல சைரனை நிறுத்துன்னு முதலாளி சொன்னாரு. முடியாதுன்னேன். அது கத்துனாத்தான் கோழி உசுரோட இருக்கும்னேன். பொட்டச்சி எனக்குப் புத்தி சொல்றயான்னு வெரட்டி உட்டுட்டாரு. அந்த அவசரத்துல என்ற சால்டரிங் அயர்னை இங்கயே வச்சுட்டுப் போயிட்டேன்."

"செவ்வாக்கிழமை எங்க இருந்த?"

"ஆட்டையாம்பட்டியில, ஊட்டுல. தனியாத்தான் இருந்தேன். சாட்சி யாரும் இல்லீங்க."

வளவன் பெருமூச்சு விட்டான். "தப்புப் பண்றவங்க எல்லாம் நாலு சாட்சியோட இருக்கறாங்க. பண்ணாதவங்கதான் தனியா இருந்து தொலைக்கறாங்க."

பேனல் ரூமுக்குள் போனார்கள். எஸ்.ஐ. காளிதாஸ் அங்கேதான் இருந்தார். வேர்த்துக் கொட்டியது அவருக்கு. பக்கத்தில் வெள்ளை வேட்டியில் பண்ணை முதலாளி கருப்பண்ணன்.

"வாங்க மேடம். உங்களுக்கு வேண்டாத வேலை," என்றார் காளிதாஸ். "எல்லாம் தெளிவா இருக்குது. சைரன் வயரைச் சும்மா கழட்டி உட்டா இந்த மெஷின் கண்டுபுடிச்சு லாக் ஆயிருமாம். அதனால சைரன் இருக்கற மாதிரியே ஏமாத்தறதுக்கு ஒரு சின்ன ரெசிஸ்டரை ஈயத்துல பத்த வச்சிருக்குது. அது தெரிஞ்ச ஆளு இந்த வட்டாரத்துலயே இந்தப் புள்ளைதான். அயர்ன் அவளோடது. புதன்கிழமை இந்த போர்டுக்குக் கீழதான் கெடந்துச்சு, பவர் பேங்க்கோட."

"கைரேகை?"

"வந்தவன் போனவன் எல்லாம் எடுத்துப் பாத்துட்டானுங்க. நான் வந்துதான் சீல் வச்சேன்."

மேசை மேல், சீல் வைத்த பிளாஸ்டிக் கவருக்குள் பேனா கனத்தில் ஒரு கறுப்பு அயர்ன். டைப்-சி ஒயரில் கோத்த ரோஜா நிற பவர் பேங்க். பார்த்ததும் வளவன் சிரித்துவிட்டான்.

"என்ன சிரிப்பு?" என்றார் கருப்பண்ணன். "எட்டாயிரம் உசுருங்க! உங்களுக்குச் சிரிப்பு வருதா?"

"ஐயா, கோழிக்கு அழுவுறேன். இந்தப் பவர் பேங்க்குக்குத்தான் சிரிச்சேன். எஸ்.ஐ. சார், ஒரே ஒரு தடவை இதை ஓட்டிப் பாத்திரலாங்களா?"

காளிதாஸ் முனகிக்கொண்டே சீலை உடைத்தார். பட்டனை அமுக்கினார். அயர்னில் இருந்த குட்டித் திரையில் வெளிச்சம் வந்தது.

"பாருங்க, லைட்டு எரியுது!" என்று கத்தினார் கருப்பண்ணன். "வேலை செய்யுது! இன்னும் என்ன வேணும் உங்களுக்கு?"

திரையில் எண் ஏறியது. அறுபது. எண்பது. நூறைத் தாண்டியதும் நொண்டியது. நூற்று இருபதுக்குப் பக்கத்தில் வந்து அப்படியே உட்கார்ந்துகொண்டது. வளவன் ஈயக் கம்பியை எடுத்து நுனியில் வைத்தான். ஐந்து நிமிஷம் ஆயிற்று. ஈயம் அசையவில்லை.

"ஈயம் உருகறதுக்கே இருநூறு டிகிரி கிட்ட வேணுங்க. நல்லாப் பத்த வைக்கணும்னா முந்நூறுக்கு மேல போகணும். இந்தப் பவர் பேங்க் செல்போனுக்கு உள்ளது. அஞ்சு வோல்ட்டு, ரெண்டு ஆம்பியர். பின்னாடி பொடி எழுத்துல பத்து வாட்னு போட்டிருக்குது பாருங்க. அந்தப் பத்தையும் இந்த அயர்ன் வாங்கிக்காது. அஞ்சு வோல்ட்டுக்கு மூணு வாட்டு இழுத்தாப் பெருசு. லைட்டு எரியறதுக்கு அது போதும். இதை வச்சு ஈயத்தை உருக்கறது, அரை எச்.பி. மோட்டாரை வச்சு ஐந்நூறு அடி போர்ல தண்ணி எடுக்கற மாதிரி. மோட்டார் உறுமும். தண்ணி வராது."

"அப்ப எதுல போட்டாத்தான் உருகும்?" என்று கேட்டாள் அறிவுச்செல்வி.

"வோல்ட்டு ஏறணும் மேடம். பன்னெண்டு வோல்ட்டுல நொண்டி நொண்டி உருகும். இருபதுல சும்மா வெண்ணெய். லேப்டாப் சார்ஜர் இருக்குதில்லீங்க, அறுபத்தஞ்சு வாட்டு, அதுதான் இதுக்குச் சரியான ஜோடி."

காளிதாஸ் மெதுவாகக் குனிந்தார். மேசைக்கடியில் இருந்த தீபிகாவின் பையை எடுத்து, அதற்குள்ளிருந்து ஒரு கனத்த சார்ஜரை இழுத்து மேலே வைத்தார். வாசலில் வந்து நின்ற தீபிகாவைப் பார்த்துக் கேட்டார்.

"இதுல என்னம்மா எழுதியிருக்குது?"

"அறுபத்தஞ்சு வாட்டு," என்றாள் தீபிகா.

"எதுக்கு வச்சிருக்கற?"

"அந்த அயர்னுக்குத்தான். நான் எப்பவும் அதுலதான் போடுவேன்."

வளவனின் முகம் செத்துப்போயிற்று. கருப்பண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அறிவுச்செல்விக்கு வந்த ஆத்திரத்தில் வளவனை அந்த ட்ரிப் சுவிட்சோடு சேர்த்துக் கட்டிவிடலாம் போல இருந்தது. காப்பாற்ற வந்து, கயிற்றை இவர்களே எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. மணி மூன்று.

"தீபிகா," என்றாள். "இந்த போர்டுல ஒரு ரெசிஸ்டரைப் பத்த வைக்கணும்னா மொதல்ல என்ன பண்ணுவ?"

"மெயினை இறக்குவேன்."

"இறக்காமப் பண்ணினா?"

"பண்ணுனவங்களைத் தூக்கிட்டுப் போகோணும்."

"இறக்கு பாக்கலாம்."

காளிதாஸ் தலையசைத்தார். புதுக் கோழி இன்னும் ஏற்றாத ஷெட் என்பதால் யாருக்கும் நஷ்டமில்லை. தீபிகா பெரிய கைப்பிடியைப் பிடித்துக் கீழே இழுத்தாள். பேனல் அணைந்தது. தலைக்கு மேலே ட்யூப் லைட் அணைந்தது. சுவரில் இருந்த ஒரே பிளக் பாயிண்டில் வளவன் தன் செல்போன் சார்ஜரைச் சொருகிப் பார்த்தான். உயிரில்லை.

"சார், இப்ப சார்ஜரை எதுல சொருகறது? கோழி மூக்குலயா?" என்றான். போன மானம் திரும்பி வந்துகொண்டிருந்தது.

"எங்க ஊட்டுல இருந்து ஒயர் இழுத்திருப்பா," என்றார் கருப்பண்ணன்.

"முந்நூறு அடியா? செவ்வாக்கிழமையா?" வெளியே ஜன்னலோரம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பெரியநாயகி குறுக்கே விழுந்தாள். "அன்னிக்குத்தானுங்க உங்க பொண்ணுக்கு நிச்சயம். ஊட்டு வாசல்ல பந்தல் போட்டு எரநூறு பேரு உக்காந்திருந்தாங்க. ஒயரு போனாத் தெரியாதுங்களா? நாங்கெல்லாம் அங்கதான எலை எடுத்தோம். நம்ம தனசேகர் தம்பிதான் பந்தி பரிமாறுனாப்புல."

அறிவுச்செல்வியின் தலை சட்டென்று திரும்பியது.

"சரி, பெரிய பவர் பேங்க் ஏதாச்சும் வச்சிருந்திருப்பா," என்றார் காளிதாஸ். அவர் குரலில் முன்பிருந்த உறுதி இல்லை. "லேப்டாப்புக்குன்னு இருக்குதாமே இப்ப."

தீபிகா மேசை மேல் கிடந்த தன் அயர்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு நாளைக்குப் பிறகு இப்போதுதான் அதைக் கிட்டத்தில் பார்க்கிறாள். திடீரென்று குரல் உயர்ந்தது.

"ஏனுங்க, என்ற டேப்பை யாரு பிரிச்சா?"

"என்ன டேப்?"

"பின்னாடி பாருங்க, ரெண்டு ஓட்டை இருக்குது. சப்பையா இருக்கறது டைப்-சி, நான் அதுலதான் சொருகுவேன். பக்கத்துல வட்டமா ஒண்ணு இருக்குதில்லீங்க, அதை நான் தொட்டதே இல்ல. கோழித் தூசி உள்ள போயிரும்னு வாங்குன அன்னிக்கே கறுப்பு டேப் போட்டு ஒட்டுனேன். இப்பப் பிரிஞ்சு கெடக்குது. ஏனுங்க, ஒருத்தர் சாமானை எடுத்தா இப்படியா எடுப்பாங்க?"

கைது ஆகப் போகிற பெண் டேப்புக்குச் சண்டை போடுகிறாள்! காளிதாஸ் அயர்னைத் திருப்பினார். வட்ட ஓட்டையைச் சுற்றி டேப்பின் பசை பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது. உள்ளே தூசி இல்லை.

"வளவா, அந்த வட்ட ஓட்டை எதுக்கு?"

"பேட்டரிக்கு மேடம்!" வளவனுக்குக் குரலே மாறிவிட்டது. "சார்ஜர், பவர் பேங்க் எல்லாம் டைப்-சியில போகும். வட்டத்துல போறது ஒயரு. ஒரு முனையில குண்டுப் பின்னு, மறு முனையில ரெண்டு கிளிப்பு. பேட்டரியில நேராக் கவ்வ வச்சுட்டு வேலை பாக்கலாம். கரண்டே இல்லாத காட்டுல வேலை பாக்கறவங்க அப்படித்தான் பண்ணுவாங்க."

"ஜெனரேட்டர் பேட்டரி வெளியதான இருக்குது," என்றார் காளிதாஸ்.

"அது பன்னெண்டு வோல்ட்டு சார். இந்த போர்டுல ரெசிஸ்டர் ஒட்டியிருக்கற எடத்தைப் பாருங்க, தடிச்ச செம்புப் பட்டை. சூட்டைப் பூரா அது குடிச்சிரும். பன்னெண்டுல பண்ணியிருந்தா ஈயம் சாம்பல் பூத்துக் கட்டி கட்டியா நிக்கும். இங்க பாருங்க, பளபளன்னு வழிஞ்சு ஒக்காந்திருக்குது. நல்ல சூடு. இருபத்து நாலு வோல்ட்டு."

"இருபத்து நாலு எதுல இருக்கும்?"

"கார், டிராக்டர் எல்லாம் பன்னெண்டுதான் மேடம். பெரிய லாரி, பஸ்சு, அப்பறம்..."

எல்லோர் கண்ணும் ஜன்னலுக்கு வெளியே போயிற்று. ஷெட்டுக்குப் பின்னால் புளிய மரத்தடியில், மலை போல ஒரு ரிக் வண்டி நின்றுகொண்டிருந்தது. அதன் அருகில் தனசேகர் நின்றிருந்தான்.

அறிவுச்செல்வி நடந்தாள் என்று சொல்வதற்கில்லை. பாய்ந்தாள். பின்னாலேயே வளவன்.

"வண்டிக் கதவைத் திற."

"மேடம், நான்தான் உங்களை..." என்று ஆரம்பித்தவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் திறந்தான். சீட்டுக்கடியில் இருந்த டூல்ஸ் பெட்டியை வளவன் கிளறினான். சிவப்பும் கறுப்புமாய் ஒரு ஒயர். ஒரு முனையில் இரண்டு கிளிப். மறு முனையில் குண்டுப் பின்.

"இது எல்லா ரிக்குலயும் இருக்குங்க," என்றான் தனசேகர். "நடுக்காட்டுல கரண்டுக்கு நாங்க எங்கீங்க போறது? வண்டி பேட்டரியிலதான் எல்லாமே."

"இருக்கட்டும். கர்நாடகாவுல இருந்து எப்ப வந்த?"

"வியாழக்கிழமை."

"அப்ப செவ்வாக்கிழமை பந்தியில பரிமாறுனது உன்ற ஆவியா?"

அவன் டூல்ஸ் பெட்டியை மூடப் போனான்.

"பவர் பேங்க்கை எஸ்.ஐ. புதன்கிழமையே சீல் வச்சுட்டாரு. அது பத்து வாட்டுங்கறது பொடி எழுத்துல பின்னாடி இருக்குது. உங்க மாமாவுக்கு லைட்டு எரியறதுதான் தெரியும், வாட்டு தெரியாது. வியாழக்கிழமை வந்த நீ அதை எங்க பாத்த? பேசு!"

தனசேகர் புளிய மரத்து வேரில் உட்கார்ந்துவிட்டான்.

"நிச்சயத்தன்னிக்குச் சைரன் கத்துனா அபசகுனம்னு சம்பந்தி ஊட்டுல சொல்லிருவாங்கன்னாருங்க மாமா. ஒரு நாளைக்கு மட்டும் நிறுத்துன்னாரு. அந்தப் புள்ளை முடியாதுன்னுட்டுப் போயிருச்சு. என்னைக் கூப்புட்டாரு. என்ற அயர்ன்ல நுனி போயிருந்துச்சு. அங்க கெடந்த அதோட அயர்னை எடுத்து, டேப்பைப் பிரிச்சு, ரிக் பேட்டரியில போட்டுப் பண்ணுனேன். சாயங்காலம் எடுத்துரலாம்னு இருந்தோமுங்க. பந்தி நடக்கறப்ப ஃபேன் ட்ரிப் ஆயிருச்சு. யாருக்கும் தெரியல. போய்ப் பாக்கறப்ப எல்லாம் முடிஞ்சு போச்சு."

"பவர் பேங்க்?"

"மாமா வேலைங்க. புதன்கிழமை காத்தால ஊட்டுல கெடந்ததை எடுத்தாந்து சொருகிப் பாத்தாரு, லைட்டு எரிஞ்சுது, அப்படியே போர்டுக்குக் கீழ போட்டாரு. பத்து வாட்ல எதுவும் நடக்காது மாமான்னு சொல்ல வாய் வந்துச்சுங்க. சொல்லல. சொல்லாம இருந்தா எவனாச்சும் கண்டுபுடிப்பான், அந்தப் புள்ளை தப்பிச்சுக்கும்னு நெனச்சேன். யாருமே பாக்கல. அதான் உங்ககிட்ட வந்தேன். வளத்த மாமனைக் காட்டிக் குடுக்க முடியலீங்க, அந்தப் புள்ளை ஜெயிலுக்குப் போறதையும் பாக்க முடியலீங்க."

அறிவுச்செல்விக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இவனையா நல்லவன் என்று நினைத்தாள்!

"நீ வாயைத் திறந்தா ஒரு நிமிஷ வேலை. அதுக்கு என்னைக் கூலிக்குப் புடிச்சிருக்கற. மூணு நாளா அந்தப் பொண்ணு பேரு ஊரெல்லாம் நாறுது, தலையில மண்ணு. உனக்கு மனசு சரியில்லையாம், மனசு! உன் பணம் எனக்கு வேண்டாம். எந்திரி. இதை அங்க வந்து சொல்லு. இல்ல, இந்த ஒயரைக் கழுத்துல போட்டு இழுத்துட்டுப் போவேன்."

"செய்வாங்க," என்றான் வளவன். "ஒரு தடவை பாத்திருக்கேன்."

பேனல் ரூமுக்குள் வந்து தனசேகர் எல்லாவற்றையும் சொன்னான். தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னான். ஆனால் ஒன்று விடாமல் சொன்னான். கருப்பண்ணன் கத்தினார்.

"டேய், சோறு போட்டு வளத்தனேடா! எவளோ ஒருத்திக்காக என்னைக் காட்டிக் குடுக்கறயா? சம்பந்தி ஊட்டுக்காரங்க மூஞ்சில நான் எப்படிடா முழிப்பேன்?"

"அதைப் பொய்ப் புகார் எழுதறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்," என்றார் காளிதாஸ். தன்னை மூன்று நாளாக முட்டாளாக்கிய ஆளை இப்போது அவர் பார்த்த பார்வை நன்றாக இல்லை. "ரெண்டு பேரும் வண்டியில ஏறுங்க. ஏம்மா தீபிகா, நீ போலாம். உன் மேல ஒண்ணும் இல்ல."

தனசேகர் அவள் பக்கம் திரும்பினான். "தீபிகா, உனக்காகத்தான் நான் சேலம் வரைக்கும் போயி மேடத்தைக் கூட்டிட்டு வந்தேன்."

"எனக்காகன்னா செவ்வாக்கிழமையே சொல்லியிருப்பீங்க," என்றாள் தீபிகா. "இது நீங்க நிம்மதியாத் தூங்கறதுக்குப் பண்ணுனது."

அதற்கு மேல் அவனைப் பார்க்கவில்லை. ஜீப்புக்குப் போகிற வழியில் குறுக்கே நின்றுகொண்டாள்.

"என்னம்மா, வழி உடு," என்றார் காளிதாஸ்.

"உடறேனுங்க. என்ற மேல ஒண்ணும் இல்லன்னு நீங்க சொன்னது இந்த ரூமுக்குள்ள. இவரு என்னைக் கொலைகாரின்னு சொன்னது வெளிய, அத்தனை பேரு முன்னால. அதே எடத்துல நின்னு இவரு வாயாலேயே சொல்லட்டும்."

"மூணு மணி நேரம் வெளிய உக்கார வச்சிருக்கோம், நியாயம்தான்," என்று காளிதாஸ் ஒதுங்கிக்கொண்டார்.

கருப்பண்ணன் வெளியே வந்தார். பெண்கள் பத்துப் பேரும் பேச்சை நிறுத்தினார்கள். பெரியநாயகி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். கருப்பண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு ஏதோ முனகினார்.

"கேக்கலீங்க," என்றாள் தீபிகா.

"அந்தப் புள்ளை பண்ணல," என்றார், கொஞ்சம் குரல் எடுத்து.

"எந்தப் புள்ளைங்க? எனக்குப் பேரு இருக்குது. யாரு பண்ணுனாங்கன்னும் சொல்லுங்க. பின்னாடி நிக்கறவங்களுக்குக் கேக்கோணும்."

கருப்பண்ணன் காளிதாஸைப் பார்த்தார். அவர் வேறு எங்கோ பார்த்தார். கருப்பண்ணன் அறிவுச்செல்வியைப் பார்த்தார். அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். தப்பிக்க வழி இல்லை. கருப்பண்ணன் தலையை நிமிர்த்தினார்.

"தீபிகா பண்ணல! சைரனை நிறுத்தச் சொன்னது நான்! கோழி செத்தது என்னாலதான்!"

காலி ஷெட்டுக்குள் அந்தக் குரல் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அடங்கியது. பெரியநாயகிதான் முதலில் நகர்ந்தாள். தொட்டிக்குப் போய் ஒரு குடம் தண்ணீர் மொண்டு இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். தீபிகாவின் முன்னால் நின்று, ஏறிட்டுப் பார்க்கத் தைரியம் இல்லாமல், "தலையைக் குனி சாமி," என்றாள்.

தீபிகா உடனே குனியவில்லை. நன்றாக ஒரு நிமிஷம் அந்த அம்மாளை அப்படியே நிற்க வைத்துவிட்டு, அப்புறம்தான் குனிந்தாள்.